அணிலுக்குக் கட்டிய தகரம்

எங்கள் வளவில் இரண்டு பப்பாசி மரங்கள் நின்றன. ஒன்று கிணற்றடியில், மற்றது குசினிக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே உடுப்புக் காயப்போடும் நைலோன் கொடி. இப்போது குசினி மரம் மட்டும்தான் நிற்கிறது. கிணற்றடி மரம் எப்படிப் போனது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அணிலில் இருந்து தொடங்காவிட்டால் என் மடைத்தனம் முழுதாக விளங்காது.

அணில் எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. திருகோணமலை உவர்மலையில் வேம்பும் மாவும் உள்ள வளவென்றால் இரண்டு மூன்றாவது ஓடித் திரியும். வெயில் மதிலில் ஏறுகிற நேரத்துக்கு எங்களுடையது வந்துவிடும். மதில் மேல் நின்று 'சிக், சிக்' என்று கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒருதரம் துள்ளும். பூனையைக் கண்டால் அதே சத்தம்தான், ஆனால் நிறுத்தாமல் கால்மணி நேரம். கூடு எங்கள் ஓட்டுக்கு அடியில். தும்பு, இலவம்பஞ்சு, அம்மாவின் பழைய நூல்சேலையில் இருந்து உருவிய இழை என்று கிடைத்ததெல்லாம் அதற்குள் இருக்கும். ஓடு மாற்ற ஏறியவர் ஒருமுறை அதைத் தூக்கிக் காட்டியபோது, "என்ர சீலையைத் தேடினன், இஞ்ச கிடக்கு" என்றார் அம்மா.

பப்பாசி பழுக்கத் தொடங்கியதும் சண்டையும் தொடங்கியது. காயாக இருக்கும்வரை அணில் தொடாது. காயைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். பழுக்கப் பழுக்கத்தான் அந்தப் பால் குறையும். தோலில் மஞ்சள் கோடு விழுந்த அன்றைக்கே, நாங்கள் 'நாளைக்குப் பிடுங்கலாம்' என்று விட்ட பழத்தில், அது வாயை வைத்திருக்கும். அடுத்த நாள் காலையில் பார்த்தால் பழத்தின் தோளில் ஒரு குழி, குழிக்குள் கறுப்பு விதைகள், நிலத்தில் தோல் துண்டுகள்.

அப்படிக் கடிபட்ட பழமொன்றை ஒருநாள் கையில் எடுத்து வடிவாகப் பார்த்தேன். சதையில் கோடுகள் இரண்டு இரண்டாக, பக்கத்துப் பக்கத்தில், சின்ன உளியால் செதுக்கியது போல ஓடியிருந்தன. உளிதான் அது. அணிலும் எலியும் உள்ள கொறிணிக் கூட்டத்துக்கு முன்பற்கள் மேலே இரண்டு, கீழே இரண்டு. அந்தப் பற்களின் முன்பக்கத்தில் மட்டும்தான் கெட்டியான எனாமல் உண்டு. பின்பக்கம் மெதுவானது, சீக்கிரம் தேயும். முன்பக்கம் அவ்வளவு சீக்கிரம் தேயாததால் நுனி எப்போதும் கூராகவே இருக்கும். இந்தப் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டு வாளியின் விளிம்பும் கொடிக்கம்பின் நுனியும் ஏன் அப்படிக் கரம்பிக் கிடக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு சின்ன நியாயம் சொல்ல வேண்டும். விடிய ஐந்து மணிக்கு, இருட்டோடு தண்ணீர் அள்ளப் போகும்போதே கடிபட்டுக் கிடந்த பழங்களும் உண்டு. அணில் பகலில் திரிகிற பிராணி. இரவில் வந்தது எலியாக இருக்கலாம், வௌவாலாக இருக்கலாம். அம்மா அதையும் அணிலின் கணக்கில்தான் எழுதினார். நானும் மறுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பவன் மேல் பழி போடுவது லேசு.

அம்மா தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். அணில் மரத்தில் ஏறி, எட்டாத உயரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பார்க்கும். 'அணிலை ஏறவிட்ட நாய் போல' என்று சும்மாவா சொன்னார்கள். அது தலைகீழாக இறங்குவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. அதன் பின்னங்கால் கணுக்கால் பின்பக்கமாகத் திரும்பும். இறங்கும்போது பாதத்தை முழுதாகப் பின்னால் திருப்பி, நகத்தை மரப்பட்டையில் கொளுவிக்கொண்டு, தலையைக் கீழே விட்டு ஓடிவரும். பூனைக்கு இது முடியாது. அதனால்தான் பூனை மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுகிறது.

"இராவணன்ர ஊரில இருந்துகொண்டு இராமன்ர ஆளுக்குப் பழம் குடுக்கிறம்" என்பார் அம்மா. கோணேசர் கோயில் மலையில் 'இராவணன் வெட்டு' என்ற பாறைப் பிளவைக் காட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி எடுத்தவை என்றுதான் கதை. அப்படிப்பட்ட ஊரில், பாலம் கட்ட மணல் சுமந்தவன் பரம்பரை மதில் மேல் ஓடித் திரிகிறது. இராமர் முதுகில் தடவிய கதையை அம்மம்மா சொல்லும்போது நான் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம்: கோடு மூன்றுதானே இருக்கிறது, மற்ற விரல்கள் எங்கே? பிறகு பெரியவனாகித்தான் தெரிந்தது, வட இந்தியாவில் இருக்கும் அணிலுக்கு ஐந்து கோடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது மூன்று கோட்டு அணில். வடக்கே முழுக் கையாலும் தடவியவர், இங்கே வந்து சேரும்போது களைத்துப்போனார் போல. அந்தக் கதை வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாட்டொன்றில் அணில் நீரில் குளித்து மணலில் புரண்டு கடலை அடைக்க ஓடுகிறது. அங்கேயும் தடவல் கிடையாது.

விஞ்ஞானப் பெயர் இன்னும் நல்லது: ஃபுனாம்புலஸ் பால்மரம். லத்தீனில் ஃபுனாம்புலஸ் என்றால் கயிற்றின் மேல் நடப்பவன். பின்பாதி, 1766இல் சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் வைத்தது, பனை தென்னை இனத்துக்கு உரியது என்று பொருள். தமிழில் எழுதிப் பார்த்தால் 'பால்மரம்' என்று வருகிறது. பப்பாசியே ஒரு பால் மரம்தானே! கயிற்றில் நடந்து பால்மரத்துக்கு வருகிறவன். இந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்குத் தகரச் செலவு மிஞ்சியிருக்கும்.

சரி, தகரத்துக்கு வருகிறேன். தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். வழவழப்பான தகரத்தில் நகம் பிடிக்காது. பப்பாசித் தண்டு மெதுவானது, ஆணி அடிக்க ஏலாது. அதனால் இரண்டு மரத்துக்கும் இடுப்புயரத்தில் இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். சைக்கிளுக்கு வாங்கிய கிரீஸ் கொஞ்சம் மீந்து கிடந்தது, அதையும் தகரத்தின் மேல் பூசினேன். பக்கத்து வீட்டு அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அணிலுக்குச் சேர்விஸ் செய்யிறியோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலை அணில் மரத்தில் இருந்தது.

இது நடந்தது ஆனி மாதம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்களுக்குக் கச்சான் என்றால் கோயிலடியில் சுருள் சுற்றி விற்கும் நிலக்கடலையும்தான், மேற்கே இருந்து மலைகளைத் தாண்டி வந்து வளவெல்லாம் காய்த்துவிடுகிற காற்றும்தான். மழை எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான். அதுவரைக்கும் தூசி, வெக்கை, நாள் முழுக்கக் காற்று.

அந்த நேரத்தில் அம்மா ஒரு புதுக் குற்றச்சாட்டோடு வந்தார். கொடியில் காயப்போட்ட என் சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் தொட்டுப் பார். பிசுபிசுக்குது. அணில் மூத்திரம் பெய்யுது" என்றார். தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்புத்தான். மணந்து பார்த்தேன், மணம் ஒன்றும் இல்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லிலும் அதே பிசுக்கு. இரண்டு கிழமையில் அந்தக் கல்லின் மேல் கரி பூசியது போல ஒரு கறுப்பு படர்ந்தது. கீழ் இலைகளிலும் அதே கறுப்பு. மேல் இலைகளில் வெள்ளையாக ஏதோ இருந்தது. இரண்டு வீடு தள்ளிக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால், காற்றுக்கு வந்த சீமெந்துத் தூசி என்று நினைத்தேன். இலையைத் திருப்பிப் பார்க்கிற யோசனை எனக்கு வரவே இல்லை. அணில்தான் இலையின் மேல் ஓடுகிறதே.

தூசி இல்லை என்று கண்டுபிடித்தது அக்காவின் மகள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள். விடுமுறைக்கு வந்தவள் காய்ந்து தொங்கிய இலையொன்றை இழுத்துத் திருப்பினாள். நடு நரம்போடு ஒட்டி, பஞ்சுப் பொதி போல, அரிசிமாவில் புரட்டிய எள்ளுப் போல, நூற்றுக்கணக்கில். "மாமா, இது தூசியில்ல. உயிரோட இருக்கு" என்றாள். விரலால் ஒன்றை நசுக்கினேன். மஞ்சள் தண்ணீர் வந்தது.

தமிழ்நாட்டில் மாவுப்பூச்சி என்பார்கள். எங்கள் தெருவில் 'வெள்ளைப்பூச்சி' என்றால் போதும். பப்பாசியில் வருகிற இந்த இனத்துக்குப் பாரகொக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று பெயர். நீளம் 2 மில்லிமீற்றர் அளவு. வெள்ளை மெழுகுத் தூளைத் தட்டிவிட்டால் உடம்பு மஞ்சள். இதை மற்ற வெள்ளைப்பூச்சிகளில் இருந்து பிரித்தறிய ஒரு வழி இருப்பதாக மருமகள் சொன்னாள்: அற்ககோலில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் நீலங்கலந்த கறுப்பாக மாறும். வீட்டில் அம்மாவின் முழங்கால் புண்ணுக்கு வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இருந்தது. பழைய ஊசிமருந்துப் போத்தலில் கொஞ்சம் ஊற்றி, ஈர்க்குத் துண்டால் ஏழெட்டுப் பூச்சியைத் தட்டி உள்ளே விட்டு, சாமி அறைக்குப் பக்கத்து யன்னலில் வைத்தோம். அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் மஞ்சள் போய்ப் பழைய பேனாமை நிறம். மூன்றாம் நாள் கறுப்பு. அம்மா அந்தப் போத்தலைத் தூக்கி எறியும்வரை நான் தினமும் அதைப் போய்ப் பார்த்தேன்.

பூச்சி சாப்பிடுகிற விதத்தைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல எனக்கு அணில் மேல் மரியாதை வரத் தொடங்கியது. அணிலுக்கு உளி என்றால் இதற்கு ஊசி. மயிரைவிட மெல்லிய நான்கு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓர் ஊசியாகின்றன. அதற்குள் இரண்டு குழாய்: ஒன்றால் எச்சில் உள்ளே போகும், மற்றதால் சாறு வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் படித்த உரியம், காழ் என்ற இரண்டு சொல் ஞாபகம் இருக்கலாம். காழ் வேரில் இருந்து தண்ணீரை ஏற்றுவது. உரியம் இலை சமைத்த சீனியைப் பழத்துக்கும் வேருக்கும் கொண்டுபோவது. பூச்சி ஊசி போடுவது உரியத்தில்.

இதில் உறிஞ்சுகிற வேலை பெரிதாகக் கிடையாது. உரியத்துக்குள் சாறு அழுத்தத்தோடு நிற்கிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. ஊசி ஏறியதும் சாறு தானாகத் தள்ளிக்கொண்டு வரும். 1953இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர், இதே கூட்டத்தைச் சேர்ந்த அசுவினிப் பூச்சி குடித்துக்கொண்டிருக்கும்போது ஊசியை வெட்டிப் பூச்சியை அகற்றிப் பார்த்தார்கள். மரத்தில் மீந்து நின்ற ஊசி முனையால் சாறு தொடர்ந்து சொட்டிக்கொண்டே இருந்ததாம். குடிக்க ஆளில்லாமலே குழாய் திறந்து கிடந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சாற்றில் சீனிதான் கூட. உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அதற்காக அளவுக்கு மிஞ்சிக் குடித்து, மிஞ்சிய சீனித் தண்ணீரைப் பின்னால் விட வேண்டியிருக்கிறது. என் சாரத்தில் ஒட்டியது அதுதான். தோய்க்கிற கல்லில் படர்ந்த கறுப்பு, அந்தச் சீனியில் வளர்ந்த பூஞ்சணம். பாவம் அணில், மூத்திர வழக்கிலும் அது நிரபராதி.

அமினோ அமிலக் குறையைத் தீர்க்க இந்தப் பூச்சிக் குடும்பம் உடம்புக்குள் பற்றீரியாக்களை வைத்திருக்கிறது. எலுமிச்சை இனங்களில் வரும் வெள்ளைப்பூச்சியில் ஒரு பற்றீரியாவுக்குள் இன்னொரு பற்றீரியா குடியிருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தை முறைபோட்டுச் சமைக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம் வாடகைக்கு இருந்து ஒரே அடுப்பில் உலை வைப்பதுதான் நினைவுக்கு வந்தது.

அணில் எடுப்பது பழத்தை. மரம் தன் வேலையை முடித்து, நிறம் பூசி, 'வந்து எடு' என்று வைத்த பிறகு எடுக்கிறது. விதையை அங்கேயும் இங்கேயும் சிந்துகிறது. எங்கள் குசினி மரம் நாங்கள் நட்டது இல்லை. தேங்காய்ச் சிரட்டை குவிக்கிற மூலையில் தானாக முளைத்தது. அணிலோ கொண்டைக்குருவியோ யாரோ போட்டது. பூச்சியோ பழமாக வேண்டிய இனிப்பை வழியிலேயே குடித்துவிடுகிறது. அதுமட்டுமென்றால் மரம் தாங்கும். குடிக்கும்போது விடும் எச்சிலில் நஞ்சுத்தன்மை உண்டு. அதனால்தான் குருத்திலை சுருண்டு, மஞ்சளாகி, பிஞ்சு உதிர்ந்தது. நூறு கிராம் எடையுள்ள அணில் ஒரு பருவம் முழுக்கத் தின்று மரத்தைச் சாகடிக்கவில்லை. எடை பார்க்கவே முடியாத ஒன்று இரண்டு மாதத்தில் சாகடித்தது.

பெருகுவதும் அப்படித்தான். அணில் ஏறக்குறைய 34 நாள் சுமந்து இரண்டோ மூன்றோ குட்டி போடும். பூச்சியில் பெண் ஒன்று மெழுகுப் பஞ்சுப் பைக்குள் 100 முதல் 600 முட்டை வரை இடும். பத்து நாளில் குஞ்சு. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்தக் குஞ்சும் தாய். பெண்ணுக்குச் சிறகு கிடையாது. ஆணுக்கு உண்டு, ஆனால் வளர்ந்த ஆணுக்குச் சாப்பிட வாய் கிடையாது. பறந்து, சேர்ந்து, ஓரிரு நாளில் செத்துப்போகும். குஞ்சுதான் பரவுகிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் மஞ்சள் புள்ளியாக நடந்து திரியும். காற்று அடித்தால் காற்றோடு போகும். உடுப்பில் ஒட்டினால் உடுப்போடு வரும். கச்சானுக்கு இப்படியும் ஒரு தொழில்.

பப்பாசியின் ஊர் மத்திய அமெரிக்கா. ஐரோப்பியர் கப்பல்களில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது 1620களில், ஏறக்குறைய அந்தக் காலத்துச் சங்கதி. அதனால்தான் இந்த மரத்துக்கு எங்களிடம் பழைய பாட்டும் இல்லை, பழமொழியும் இல்லை. பூச்சியும் அதே ஊர்தான், ஆனால் அது கப்பலைத் தவறவிட்டுவிட்டது. மெக்சிக்கோவில் அதைக் கட்டுப்படுத்த எதிரிகள் இருந்ததால் அங்கே யாரும் அதைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. பெயர் வைத்ததே 1992இல்தான். அந்தப் பத்தாண்டில் கரீபியன் தீவுகளுக்குத் தாவி, 2008இல் இலங்கைக்கு வந்தது. அதே வருடம் கோயம்புத்தூரிலும் கண்டார்கள். நானூறு வருடம் பிந்தி வந்தாலும் தன் மரத்தைத் தேடிப் பிடித்துவிட்டது. கூடவே மரவள்ளி, செவ்வரத்தை, கத்தரி, கோயில் வாசலில் நிற்கும் அரலி என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நான் கடைக்குப் போயிருக்க மாட்டேன். போனேன். பூச்சி என்றதும் கடைக்காரர் எந்தப் பூச்சி என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "நல்ல பவர்" என்று ஒரு போத்தலைத் தந்தார். கிணற்றடி மரத்துக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடித்தேன். கிணற்றுக்குப் பக்கத்தில் அதை அடித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு கிழமை அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்தோம். மரம் பத்து நாள் தெளிந்தது போல இருந்தது. பிறகு முன்னைவிட வெள்ளையாகிவிட்டது. மெழுகுக்குள்ளும் முட்டைப் பைக்குள்ளும் மருந்து இறங்குவதில்லை. வெளியே திரிந்ததெல்லாம் செத்தது. பூச்சியைத் தின்ன வந்ததும் வெளியே திரிந்த கூட்டத்தில்தான் இருந்திருக்கிறது. ஆடி முடியும்போது கிணற்றடி மரத்தின் குருத்து அழுகி விழுந்தது. கத்தியால் ஒரு வெட்டு, வாழைத்தண்டு போலச் சாய்ந்தது. தகரம் மட்டும் வளைந்து அப்படியே நின்றது.

குசினி மரத்திலும் அதற்குள் வெள்ளை தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் குசினிப் படியில் தேத்தண்ணீரோடு குந்தியிருந்து, செய்ய ஒன்றும் தோன்றாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடிக் கம்பில் இருந்து அணில் கொடிக்கு ஏறியது. நைலோன் கயிறு கொஞ்சம் தாழ்ந்தது. வால் இடமும் வலமும் ஆட, நாலு காலும் ஒரே கோட்டில், அது நடந்து வந்து, கொடியில் முட்டிக்கொண்டு நின்ற ஓர் இலைக்காம்பைப் பிடித்து மரத்துக்குள் போனது. ஃபுனாம்புலஸ்! என் தகரத்தையும் கிரீஸையும் அது ஒருநாளாவது தொட்டிருக்குமோ தெரியாது.

எழும்பிப் போய் அந்தக் காம்பைப் பார்த்தேன். அணில் போன பாதையிலேயே கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. கொடியால் வந்து, காம்பால் ஏறி, இலையின் அடியில் பூச்சிக்குப் பக்கத்தில் நின்று, தலைமுட்டி, சீனித்துளி வாங்கித் திரும்பின. எறும்புக்குப் பூச்சி கறவை மாடு. மாட்டைத் தின்ன எது வந்தாலும் கடித்துத் துரத்திவிடும். தண்டு வழியாக எறும்பு ஒன்றும் ஏறவில்லை. கிரீஸில் பத்துப் பதினைந்து செத்து ஒட்டிக் கிடந்தன. அணிலைத் தடுக்கக் கட்டியது எறும்பை நன்றாகவே தடுத்திருக்கிறது. நான்தான் கொடியை மறந்துவிட்டேன்.

காம்பை வெட்டினேன். கொடியை நாலடி தள்ளி முருங்கைக்கு மாற்றிக் கட்டினேன். ஓட்டுக்கூரையில் முட்டிய இன்னொரு இலையையும் வெட்டினேன். மோசமான இலைகளைப் பிடுங்கி எரித்தோம். மீதிக்குக் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கமாக வேகமாகப் பீச்சி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தோம். மருந்துப் போத்தலை மறுபடி தொடவில்லை. மருமகள் போகும்போது தன் பூதக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போனாள். "ஓட்டை இருக்கோ எண்டு பாருங்கோ மாமா" என்பது மட்டும்தான் சொன்னது.

அந்த ஓட்டைக்கும் ஒரு கதை உண்டு. பூச்சி வந்த அடுத்த வருடம், 2009இல், அதன் சொந்த எதிரியை இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி. குளவி என்றதும் கொட்டும் என்று பயப்பட வேண்டாம், நீளம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. வெள்ளைப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். குஞ்சு உள்ளே இருந்து தின்று வளர்ந்து, காய்ந்த கோதில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு வெளியே வரும். அடுத்த வருடம் இந்தியாவும் அதையே செய்தது. காவலுக்கு நிற்கும் எறும்பு இந்தக் குளவியை வேலை செய்ய விடாது. நல்ல பவர் உள்ள போத்தலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஆவணியில் ஓட்டையுள்ள கோது ஒன்றைக் கண்டேன். பழுப்பு நிறம், ஊதிய உடம்பு, ஓரத்தில் ஊசியால் குத்தியது போல வட்டம். அடுத்த கிழமை ஓர் இலையில் எட்டு. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். புரட்டாதியில் புதுக் குருத்து சுருளாமல் விரிந்தது. ஐப்பசி மழை மீதியைக் கழுவியது. யாரால் மரம் பிழைத்தது, குளவியாலா, தண்ணீராலா, கொடி மாற்றியதாலா, மழையாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்.

தை மாதம் முதல் பழம் பழுத்தது. கொடி இல்லை, கூரை முட்டவில்லை, தகரம் இருக்கிறது. அணில் வராது என்று நம்பினேன். முருங்கையில் இருந்து பாய்ந்தது, ஆறடி இருக்கும். பழத்தின் தோளில் வழக்கமான குழி. அம்மா கடிபட்ட பக்கத்தை வெட்டிக் கோழிக்குப் போட்டுவிட்டு, மீதியைக் கீறித் தட்டில் வைத்தார். "அணில் கடிச்ச பழம் இனிக்கும்" என்றார், ஆறு மாதம் தும்புத்தடியோடு ஓடியதெல்லாம் யாரோ என்பது போல.

நேற்று வேலியோரச் செவ்வரத்தையில் பூப் பறிக்கும்போது மொட்டுக் காம்பில் வெள்ளையாக ஐந்து புள்ளி கண்டேன். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்தேன். மதில் மேல் நின்று அணில் சிக் சிக் என்று ஏசிக்கொண்டிருந்தது. ஐந்தில் மூன்றில் ஓட்டை இருந்தது. கிளையை அப்படியே விட்டுவிட்டு மற்றப் பூக்களைப் பறித்துக்கொண்டு வந்தேன்.